நரம்பும் நாணயமும்

"சாமி கைவிட்டா, உண்டியல்ல போட்ட காசோட போச்சுன்னு மனசத் தேத்திக்கலாம், சார். உங்க விஞ்ஞானம் கைவிட்டா நான் யாருகிட்டப் போயி கேக்கறது?"

கேட்டவர் ஒரு தாய். கூடை சுமந்து மீன் விற்று, அந்த வருவாயில் மகளைப் படிக்கவைப்பவர். எழுத்தறியாதவர். கேட்கப்பட்டவன், பட்டம் பெற்றுப் பள்ளியாசிரியனாகியுள்ள நான். எனக்கு அன்று விடை தெரியவில்லை. தலைகுனிந்து நின்றேன். இரவெல்லாம் எண்ணினேன். எண்ணியதை என் போன்ற பகுத்தறிவுத் தோழர்கள் முன் வைக்கிறேன். ஏனெனில் அந்தக் கேள்வி என்னை மட்டும் நோக்கியதன்று, நம் அனைவரையும் நோக்கியது.

நடந்தது இதுதான். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவோருக்குப் புதுவை எல்லை தொடங்குமிடம் எங்கள் கனகசெட்டிக்குளம். ஒருபுறம் கடல், மறுபுறம் சாலை. இங்கே அந்தச் சிறுமி காது கேளாதவளாகப் பிறந்தாள். ஊர் என்ன சொல்லும்? சொல்லவேண்டியதைச் சொல்லிற்று. முன்வினை என்றது, நாகதோஷம் என்றது, கருவுற்றிருந்த நாளில் தாய் ஏதோ குற்றம் செய்திருப்பாள் என்றது. குழந்தைக்குக் காது கேளவில்லை. தாய்க்கோ கேட்கக்கூடாதவையெல்லாம் காதில் விழுந்தன.

அப்போதுதான் கல்லூரியை விட்டு வந்திருந்தேன். படித்த சூடு தணியாத பருவம். அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விளக்கினேன்: "அக்கா! செவியின் உள்ளே நத்தைக் கூடு போன்றதோர் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள்தாம் ஓசையை மின்குறிப்பாக்கி நரம்புக்கு அனுப்புகின்றன. அவை பழுதானால் ஓசை மூளைக்கு எட்டாது. இதில் பாவமும் இல்லை, பழியும் இல்லை. பழுதை மீறி நரம்புக்கே நேரே செய்தி சொல்லும் கருவி இருக்கிறது. அரசு உதவுகிறது. காலம் தாழ்த்தாதீர்கள், மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் முதற்சில ஆண்டுகள்தாம்."

அந்தத் தாய் நம்பினார். சாமியை நம்பியதைப் போலவே என்னை நம்பினார். நான்கு வயதில் குழந்தைக்கு அறுவை முடிந்தது. மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. ஒரு நாள் "அம்மா" என்றாள். தெருவே கூடி நின்று கேட்டது. முன்வினை பேசிய வாய்கள் மூடிக்கொண்டன. பகுத்தறிவு வென்றதென்று நெஞ்சம் நிமிர்ந்தேன்.

இவ்வாண்டு அவள் மூன்றாம் வகுப்பு. ஒரு காலை, காதின் பின்னே அணியும் வெளிக்கருவி செத்துப்போயிற்று. எழுதிக் கேட்டோம். "அந்த மாதிரியை இப்போது செய்வதில்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. புதியதன் விலை, அந்தக் குடும்பம் ஓராண்டு முழுதும் ஈட்டுவதைவிட அதிகம். தலைக்குள்ளே கருவி நலமாக இருக்கிறது. நரம்பும் நலமாக இருக்கிறது. ஆனால் நான்கு மாதங்களாக அவள் உலகில் ஓசையில்லை. அப்போதுதான் அந்தத் தாய் என்னைப் பார்த்துக் கேட்டார்.

தோழர்களே! இக்கருவி வானத்திலிருந்து விழுந்ததன்று. மனிதன் கேள்விமேல் கேள்வி கேட்டு ஈட்டியது. கால்வானி என்ற இத்தாலிய அறிஞர், செத்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதைக் கண்டு 1791-இல் எழுதினார். உயிர் என்பதை ஆவியென்றும் ஊதப்பட்ட காற்றென்றும் பேசிவந்த உலகில், நரம்பு மின்சாரத்தின் மொழி அறியும் என்ற உண்மை அன்று வெளிவந்தது. மின்கலத்தைப் படைத்த வோல்ட்டா, தம் இரு காதுகளிலும் உலோகக் கம்பிகளை வைத்து மின்னோட்டம் செலுத்தி, தலைக்குள்ளே ஏதோ கொதிப்பது போன்ற ஓசை கேட்டதாக 1800-இல் தெரிவித்தார். தம் உடலையே ஆய்வுக்கூடமாக்கிய துணிவு அது.

புதுவையை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி அகன்ற மூன்றாம் ஆண்டு, 1957 பிப்ரவரியில், பாரிசில் ஜூர்னோ என்ற விஞ்ஞானியும் எரியே என்ற அறுவை மருத்துவரும் செவித்திறன் முற்றும் இழந்த ஒருவரின் செவி நரம்பருகே மின்சுருள் ஒன்றைப் பொருத்தினர். அவர் ஓசையின் தாளத்தை உணர்ந்தார். பழகப் பழகச் சில சொற்களையும் அறிந்தார். பின்னர் கருவி பழுதாயிற்று. மீண்டும் பொருத்தினர், மீண்டும் பழுதாயிற்று. மூன்றாம் முறை பொருத்த மருத்துவர் இசையவில்லை. ஆம், இந்தத் துறையின் முதல் மனிதரே ஓசையைப் பெற்று இழந்தவர்! இன்னொரு செய்தியையும் நாம் மறக்கலாகாது. இந்தப் படைப்பைத் தனியொரு தொழில் நிறுவனத்தின் கையில் ஒப்படைக்க ஜூர்னோ உடன்படவில்லை. அந்தக் கருத்து மாறுபாட்டில் இருவரின் கூட்டும் முறிந்தது. நரம்பா, நாணயமா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது.

பாரிசுச் செய்தி அமெரிக்காவில் வில்லியம் ஹவுசை எட்டியது. 1961-இல் அவர் லாஸ் ஏஞ்சல்சில் முயன்றார். 1977-இல் வியன்னாவில் ஹோக்மாயர் இணையரும், 1978-இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க்கும் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தி வெற்றி கண்டனர். கிளார்க்கின் தந்தையார் செவித்திறன் குன்றியவர். தந்தையின் துன்பத்தை ஊழென்று சொல்லி உட்கார்ந்துவிடாமல், அதை ஆராய்ச்சிக்குரிய கேள்வியாக்கினார் மகன்.

சுருண்டு வளையும் நத்தைக் கூட்டுக்குள், அதன் சுவரைக் கிழிக்காமல் மின்முனைகளைச் செலுத்துவது எப்படி? 1977-இல் கிளார்க் கடற்கரையில் ஒரு சங்கை எடுத்து, புல்லின் தாளை அதற்குள் நுழைத்துப் பார்த்தார். அடியில் விறைப்பும் நுனியில் நெகிழ்வும் கொண்ட புல், வளைவுக்கேற்ப வளைந்து உள்ளே சென்றது. பல்லாயிரம் குழந்தைகளின் செவியைத் திறந்த வழி, கடற்கரைப் புல் காட்டிய வழி! எங்கள் கடற்கரையிலும் சங்கு கிடக்கிறது, புல்லும் முளைக்கிறது. அதைப் பார்க்கும் கண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே கல்வி என்பேன்.

அந்தப் புல்லின் பாடந்தான் இன்று பெருந்துறையாக வளர்ந்துள்ளது. மூளையும் நரம்பும் பாலாடைக்கட்டியைப் போல மென்மையானவை. கணிப்பொறிச் சில்லுக்குரிய சிலிக்கனோ அவற்றினும் கோடிக்கணக்கான மடங்கு விறைப்பானது. நாம் மூச்சு விடும்போதும் தலை திருப்பும்போதும் மூளை சற்றே அசைகிறது. விறைத்த ஊசி அசையாமல் நின்று குத்துகிறது. உடல் அதைப் பகையெனக் கருதித் தழும்புத் திசுவால் சுற்றுச்சுவர் எழுப்புகிறது. நாளடைவில் நரம்பின் குரல் அச்சுவரைத் தாண்டிக் கருவிக்கு எட்டுவதில்லை. ஆகவே கருவியும் உடலைப் போல நெகிழவேண்டும் என்று கண்டனர். மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கைக் கண்டறிந்த மூவருக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது. 2015-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டெஃபானி லாகூரும் கூட்டாளிகளும், தண்டுவடத்தைப் போர்த்தியுள்ள உறையைப் போன்றே நெகியும் சிலிக்கோன் பட்டையைச் செய்து, தண்டுவடம் காயமுற்ற எலிகளை மீண்டும் நடக்கச் செய்தனர். 2023-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி தாண்டினர். கூழ் ஒன்றைச் செலுத்தி, உடலில் உள்ள வேதிப்பொருள்களின் துணையாலேயே அது மின்முனையாக மாறும்படி செய்தனர். மீனின் மூளையிலும் அட்டையின் நரம்பைச் சுற்றியும் அது உருவாயிற்று.

இவை இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருப்பவை. எங்கள் சிறுமியின் தலையில் இருப்பது அவற்றின் மூத்த உறவு. ஆனால் போகும் திசை தெளிவு. முன்பு கருவி உடலுக்குள் விருந்தாளியாக இருந்தது. இனி அது உடலோடு உடலாகக் கலந்துவிடும். கலந்தபின் பிரிக்க முடியாது. அப்படியானால் நாம் கேட்கவேண்டிய கேள்வி இது: நரம்போடு கலந்த கருவி சரக்கா, உறுப்பா?

சரக்கு என்றால் அது சந்தையின் நியாயத்துக்கு உட்பட்டது. விற்றவன் கடையை மூடலாம், மாதிரியை நிறுத்தலாம், உதிரிப்பாகம் இல்லை என்று கைவிரிக்கலாம். உறுப்பு என்றால் அதற்கு வேறு நியாயம் வேண்டும்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 'செக்கண்ட் சைட்' என்ற நிறுவனம் பார்வையிழந்தோரின் விழித்திரையில் பொருத்தும் 'ஆர்கஸ் 2' என்ற கருவியைச் செய்தது. 2011-இல் ஐரோப்பாவிலும் 2013-இல் அமெரிக்காவிலும் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. 350-க்கும் மேற்பட்டோர் அந்நிறுவனத்தின் கருவிகளைக் கண்ணில் ஏற்றனர். இருளில் இருந்தவர்கள் ஒளிக்கீற்றுகளைக் கண்டனர். கதவின் விளிம்பை, சாலைக்கோட்டைக் கண்டனர். 2019-இல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. 2020-இல் பணியாளர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பியது. கண்ணுக்குள்ளே கருவி இருக்கிறது. பழுது பார்க்க ஆளில்லை. அந்த மக்கள் செய்த குற்றம் என்ன? ஒரு நிறுவனத்தின் கணக்கேட்டில் இலாபமாக வந்து சேராததுதான்!

தொலைவில் நடந்ததென்று ஒதுக்கவேண்டாம். பக்கத்துக் கேரளத்தில் 2012-இல் தொடங்கிய 'சுருதி தரங்கம்' என்ற நல்ல திட்டத்தின்கீழ் செவிக்கருவி பெற்ற பிள்ளைகளின் பெற்றோர், வெளிக்கருவியைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் வழியின்றி 2023-இல் குரலெழுப்ப நேர்ந்தது.

நம் நாட்டில் ஏதும் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். நல்லது நடந்திருக்கிறது, நன்றியோடு சொல்கிறேன். நடுவணரசு 2014 முதல் ஆண்டுக்கு 500 குழந்தைகளுக்கு, ஒருவருக்கு ஆறு இலட்சம் ரூபாய் வரை என்ற வரம்போடு, இக்கருவிக்கு உதவும் ஏற்பாட்டைச் செய்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு இந்த அறுவை நடைபெறுகிறது. ஆனால் அறுவை ஒரு நாள் வேலை. கேட்பது ஆயுள் முழுதும் நடக்கவேண்டிய வேலை. உள்ளே பொருத்தியது பல பத்தாண்டுகள் உழைக்கலாம்; வெளிக்கருவியோ சில ஆண்டுகளில் தேயும். கம்பி அறும், மின்கலம் தீரும், கடற்காற்றின் உப்பும் ஈரமும் அதை அரிக்கும். முதல் நாள் படம் பிடிக்க எத்தனையோ பேர் வருகின்றனர். கம்பி அறுந்த நாளில் யார் வருகின்றனர்? எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே கடற்கரையில் ஒரே வலையை இழுக்கும் இருவர், எல்லைக்கல்லின் இருபுறமும் வாழ்வதால், பிள்ளைக்காக வேறு வேறு அலுவலகங்களில் வேறு வேறு மனுக்களை நீட்டவேண்டும். நரம்புக்கு எல்லைக்கல் தெரியுமா?

சிலர் சொல்வர்: "இலாபம் இல்லையென்றால் யார் கண்டுபிடிப்பார்? நிறுவனங்களை அச்சுறுத்தினால் கருவியே வராது." இந்த வாதத்தை எள்ளி நகையாடாமல் எடைபோட்டுப் பார்க்கிறேன். ஆய்வுக்கூடத்துப் புதுமையைப் பல்லாயிரவருக்கு எட்டும்படி பெருக்கித் தர ஆலை வேண்டும், முதல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் வேர் எங்கே இருக்கிறது? கிளார்க் ஆய்ந்தது மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில். லாகூர் ஆய்வதும் அரசு பேணும் கழகத்தில். பொதுப்பணம் விதைத்த பயிருக்குப் பொதுமக்கள்பால் கடமை இல்லையா? நாம் இலவசம் கேட்கவில்லை; பொறுப்பைக் கேட்கிறோம். கிணறு வெட்டித் தந்தவன், நீர் இறைக்கும் கயிற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கயிறு செய்வதை இனி நிறுத்திவிட்டேன் என்றால் ஊர் ஒப்புமா?

நம் சட்டமே இதற்கு ஒரு வழி காட்டுகிறது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவின்படி, கடனுக்காக ஒருவன் உடைமைகளைப் பறிமுதல் செய்யும்போது, உழவனின் ஏரையும், கைவினைஞனின் கருவியையும், சமைக்கும் பாண்டத்தையும், உடுக்கும் உடையையும் தொடக்கூடாது. ஏன்? அவை வெறும் பொருள்களல்ல, வாழ்வோடு ஒட்டியவை என்பதால். கையில் பிடித்த ஏருக்கே அந்த மதிப்பென்றால், நரம்பில் கலந்த செவிக்கு எந்த மதிப்பு வேண்டும்? ஆகவே என் விடை இது: நரம்போடு கலந்தது உறுப்பே. அதைச் சரக்கென்று நடத்துவது அறமன்று.

உறுப்பென்று ஏற்றால் சில கடமைகள் தாமே தொடர்கின்றன. கருவிக்குப் பொதுப்பணத்தைக் கொடுக்கும் அரசு, நெடுங்காலப் பழுதுபார்ப்பையும் உதிரிப்பாகங்களையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கவேண்டும். நிறுவனம் மூடப்பட்டாலோ மாதிரி கைவிடப்பட்டாலோ, செய்முறை வரைபடங்கள் பொதுவுக்கு வந்துவிட வேண்டும். வேறொருவர் பழுதுபார்க்க இயலவேண்டும். நரம்பிலிருந்து கருவி படிக்கும் குறிப்புகள் அந்த நரம்புக்குரியவனுக்கே உடைமையாகவேண்டும். சிலி நாடு 2021-இல் தன் அரசியல் சட்டத்தையே திருத்தி மூளையின் செயற்பாட்டுக்கும் அதிலிருந்து பெறும் செய்திகளுக்கும் காப்பளித்திருக்கிறது. அறுவைக்கு முன்னரே, பின்னாளில் வரும் செலவும் இடரும் தாய்மொழியில் தெளிவாகச் சொல்லப்படவேண்டும்.

இந்தக் கடைசிக் கடமையை எழுதும்போது என் கை தயங்குகிறது. அந்தத் தாயிடம் இதைச் சொல்லாதவன் நானே. நூல்களில் படித்த வெற்றியைச் சொன்னேன். கம்பி அறும் என்று சொல்லவில்லை. அறிவின்பால் கொண்ட ஆர்வத்தால் அறிவுக்குரிய நேர்மையில் தவறினேன்.

இதனினும் பெரிய தவறொன்றும் செய்தேன். அவளுக்குச் சைகைமொழி கற்பிக்கவேண்டாமா என்று ஒருவர் கேட்டபோது, "கருவி வந்தபின் அது எதற்கு? கையசைத்தால் பேச்சு வராது" என்றேன். கேளாதோர் பலர், "எங்களுக்கு ஒரு மொழி உண்டு, எங்களைக் குறையுடையோர் என்னாதீர்" என்கின்றனர். அதை நான் காது கொடுத்துக் கேட்கவில்லை. 1880-இல் மிலான் நகரில் ஆசிரியர்கள் மாநாடு கூடி, கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சையே வைக்கவேண்டும் என்று முடிவு செய்தது. முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் கேட்பவர்கள். பிள்ளைகளின் மொழி வகுப்பறையிலிருந்து விரட்டப்பட்டது. 2010-இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு அதற்காக வருந்தியது. இடையில் 130 ஆண்டுகள்! மொழித் திணிப்பின் கொடுமை இன்னதென்று அறிந்த மண்ணில் பிறந்த நான், மிலான் மாநாட்டின் வேலையை ஒரு மீனவக் குடிசையில் செய்திருக்கிறேன். அதன் விளைவு? கருவி செத்த நான்கு மாதங்களில் அவளுக்கு ஓசை மட்டுமன்று, மொழியே இல்லாமற்போயிற்று.

கருவி வேண்டாமென்று சொல்லவில்லை. அது இயற்கைக்கு மாறானது என்று பேசுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. மூக்குக்கண்ணாடியும் அம்மைப்பாலும் இயற்கைக்கு மாறானவைதாம். அவற்றை மறுத்திருந்தால் இன்று நம்மில் பலர் இருந்திருக்கமாட்டோம். கருவியும் வேண்டும், சைகையும் வேண்டும். ஒரு கதவு அடைபட்டால் மறு கதவு திறந்திருக்கவேண்டும். எந்தக் கதவு வழியே நடப்பது என்பதை வளர்ந்தபின் அவளே முடிவு செய்யட்டும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். விஞ்ஞானம் கைவிட்டால் யாரிடம் கேட்பது? விஞ்ஞானம் ஒருநாளும் தவறாது என்று விடை சொன்னால் அது பொய். தவறும். பாரிசில் இருமுறை தவறிற்று. சமயத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள வேற்றுமை ஒன்று தவறும், மற்றொன்று தவறாது என்பதன்று. ஒன்றில், தவறினால் கேட்கமுடியாது, கேட்டால் பாவம். மற்றொன்றில் கேட்கமுடியும், கேட்காமலிருப்பதே பாவம். கேட்பதற்கு ஆளின்றி, பூட்டிய கதவுக்குள்ளே ஒருவர் மட்டும் திறவுகோல் வைத்திருக்க, வெளியே மக்கள் கைகூப்பி நிற்கவேண்டும் என்றால், அது விஞ்ஞானமன்று. நரம்புக்குள் கட்டிய புதுக் கருவறை. கடவுளைக் கேள்வி கேட்ட நாம் கம்பெனியைக் கேட்கத் தயங்கலாமா?

சென்ற ஞாயிறு மீண்டும் அந்த வீட்டுத் திண்ணைக்குப் போனேன். "அக்கா, அன்று நான் பாதிதான் சொன்னேன், மீதியைச் சொல்லாதது என் குற்றம்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இருவரும் அமர்ந்து மனு எழுதினோம். சமூக நலத்துறைக்கு ஒன்று, எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, கருவி செய்தவர்களுக்கு ஒன்று. ஊரில் 43 பேர் கையெழுத்திட்டனர். முன்வினை பேசிய முதியவரும் அவர்களுள் ஒருவர். விடை வரும்வரை விடுவதில்லை என்று உறுதி கொண்டுள்ளோம்.

மனு எழுதிக்கொண்டிருக்கையில் சிறுமி என் தோளைத் தொட்டாள். கடலைக் காட்டினாள், விரல்களைச் சேர்த்து அலைபோல் அசைத்தாள். நாங்கள் இருவரும் அண்மையில் கற்கத் தொடங்கியுள்ள மொழியில் அவள் சொன்ன முதற்சொல் அது. என் கை இன்னும் பழகவில்லை; தவறாக அசைத்தேன். அவள் என் விரலைப் பிடித்துத் திருத்தினாள்.